யார் படுக்கும் கட்டில்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு முன்னால் அந்த லொறி வந்து நின்றபோது நான் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். கடனுக்கு ஈடாக வீட்டுப் பொருட்களை எடுக்கப் பதுளை கோர்ட்டிலிருந்து வந்திருப்பதாக, அதிலிருந்து இறங்கிய அதிகாரி சொன்னார். மனைவியின் தம்பி தவணைக்கு ஆட்டோ எடுத்தபோது நான்தான் பிணைக் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டவில்லை. கோர்ட்டிலிருந்து எனக்கு வந்த கடிதங்களெல்லாம் சிங்களத்தில் இருந்தன. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே வைத்துவிட்டேன்.

அதிகாரி பதுளை டவுன் முஸ்லிம்; தமிழில் தன்மையாகப் பேசினார். தையல் மெஷினைத் தூக்கிவிடுவார்களோ என்று அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தொழில் செய்யும் சாமானையும், உடுக்கிற துணியையும், படுக்கிற கட்டிலையும் எடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். டீவியும் அலுமாரியும் லொறியில் ஏறின. பிறகு உள்ளறைக்குப் போனார்.

அங்கே ஒரு மெஹோகனிக் கட்டில் இருந்தது. குவைத்துக்குப் போன முதல் வருடம் மனைவி அனுப்பிய காசில் பண்டாரவளையில் வாங்கியது. தான் வரும்வரை மெத்தையின் பொலித்தீனைக் கழற்ற வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தாள். நான் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். அவள் போன் எடுப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. லயத்தில் கேட்டவர்களிடம், பொங்கலுக்கு வருவாள் என்றே சொல்லிவந்தேன். அந்தக் கட்டிலும் போய்விட்டால், அப்படிச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் மிஞ்சாது.

அதிகாரி பொலித்தீனைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுல யாரு படுக்கிறது?”

நான் மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தேன். வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

“அவரு கட்டிலுக்குக் காவக்காரருங்க ஐயா,” என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

யாரும் படுக்காத, பாவிக்காத கட்டில் என்றால் பட்டியலில் எழுதத்தான் வேண்டும் என்றார் அதிகாரி. அப்போது பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இவரு சம்சாரத்தோட கட்டிலுங்க. வெளிநாட்டுல இருக்கா, பொங்கலுக்கு வாறா. வந்தா தரையிலயா படுப்பா?”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மனைவியின் படுக்கையையும் எடுக்கக்கூடாதுதான் என்று சொல்லி, பட்டியலை மூடினார்.

லொறி போய், ஆட்களும் கலைந்த பிறகு அக்கா மட்டும் நின்றார். நான் சொல்லிவந்ததை நம்பி, பொய் என்று தெரியாமலே அவர் அதை அதிகாரியிடம் சொல்லிவிட்டாரே என்று மனது உறுத்தியது. அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

“அவ வரமாட்டா அக்கா. அங்க இன்னொருத்தரோட இருக்கா.”

“தெரியும் தம்பி. எங்க மகளும் அங்கதானே வேலை செய்யிறா. லயத்துல எல்லாருக்கும் தெரியும்.”

பிறகு, தன் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் என்று போய்விட்டார்.

இரண்டு வருடமாக, “எப்ப வாறாங்க?” என்று கேட்டவர்கள் எல்லோரும் தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்லியிருக்கிறேன். ஒருவரிடம் டிக்கெட் கூடப் போட்டுவிட்டாள் என்று சொன்னேன். அவர் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த முகத்தை நினைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். உள்ளே போகவும் மனமில்லை, ரோட்டுக்கு இறங்கவும் கால் வரவில்லை.