முட்டு வருத்தம் இல்லாத பிள்ளை

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. இந்தப் பக்கம் பந்தை உதைத்தால் கடலுக்குப் போகும், அந்தப் பக்கம் உதைத்தால் வாவிக்குப் போகும் என்று அதிபர் பகிடி விடுவார். நான் அங்கே உடற்கல்வி ஆசிரியை, பிள்ளைகளுக்குப் பீ.ரி. டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சோதனை வருகிறது என்று சொல்லி விளையாட்டுப் பாடத்தைக் கணக்குக்குக் கேட்டு வருகிற ஆசிரியர்களோடு நான் போட்ட சண்டை ஊருக்கே தெரியும். வகுப்பில் நித்திரை கொள்கிற பிள்ளையை என்னிடம் தாருங்கள், பத்து நிமிடத்தில் எழுப்பித் தருகிறேன் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்வேன். அப்படித்தான் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஓர் அஞ்சலோட்ட அணியை உண்டாக்கினேன்.

அது சமாதான காலம் என்று வானொலி சொன்னது. எங்கள் பக்கத்தில் அதுதான் பிள்ளை பிடித்த காலம். சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கக்காரர் கேட்டு வந்தார்கள். உடம்பில் பலமும் காலில் வேகமும் உள்ள பிள்ளை முதலில் கண்ணில் பட்டது. தாய்மார் இரண்டு பேர் என் வீட்டுப் படலைக்கு வந்து நின்றார்கள். "டீச்சர், எங்கட புள்ளைகள ஓட்டத்தில சேக்காதீங்க. ஒலிபெருக்கியில பேர் சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்றாள் ஒருத்தி. நான் அவர்களை ஏசி அனுப்பினேன். பயந்து பயந்து பிள்ளையை மூலையில் வைத்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று கேட்டேன்.

அந்த வருடம் வலயப் போட்டியில் வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை முதலாவதாக வந்தாள். அடுத்த கிழமை ரியூசனுக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் என் மகள். அவள் எட்டாம் வகுப்பு. அவளுடைய அப்பா அவளுக்கு மூன்று வயதிலேயே காலமாகிவிட்டார். எனக்கு அவள் ஒருத்திதான். நான் பயிற்றிய பிள்ளைகள் எல்லாரிலும் வேகமாக ஓடுகிறவள் அவள். தாய் என்பதால் சொல்லவில்லை, முப்பது வருடம் விசில் ஊதியவள் என்பதால் சொல்கிறேன்.

மகளுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கிறது, ஓட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்று நானே அதிபருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு நான் அவளைப் பழக்கினேன். பத்து அடி வைத்ததும் நிற்க வேண்டும். கையை நெஞ்சில் வைக்க வேண்டும். வாயால் மூச்சு வாங்க வேண்டும். படியேறினால் பாதியில் உட்கார வேண்டும். என் வாழ்நாளில் நான் திறமாகக் கொடுத்த பயிற்சி அதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை அவளுக்கு உயிர்ச் சிநேகிதி, என் அணியில் கடைசிக் கோல் வாங்கி ஓடுகிறவள். "அவளுக்கு மட்டும் உண்மையச் சொல்லட்டா அம்மா?" என்று மகள் கேட்டாள். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினேன்.

அந்தச் சிநேகிதியை நான் அணியிலிருந்து எடுக்கவில்லை. படலைக்கு வந்த தாய்மாரின் பிள்ளைகளையும் எடுக்கவில்லை. என் பிள்ளையை மட்டும் ஒளித்துவைத்துக்கொண்டு ஊரான் பிள்ளைகளுக்கு விசில் ஊதினேன். இந்த வெட்கத்தை விட்டுவிட்டு இதை எழுதுவதில் பயனில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொக்கட்டிச்சோலையில் ஒரு செத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வாவியைக் கடந்து படுவான்கரைக்குக் குமர்ப்பிள்ளையைக் கூட்டிப்போக எனக்குப் பயம். அங்கே கேட்பாரில்லாமல் பிடித்துக்கொண்டு போவார்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அவளை எங்கள் கடற்கரைத் தெருவில், பக்கத்து வீட்டிலேயே, சிநேகிதியோடு விட்டுவிட்டுப் போனேன்.

கடல் ஊருக்குள் புகுந்த செய்தியைச் செத்த வீட்டில்தான் கேட்டேன். அன்று துறையில் படகு ஓடவில்லை. மறுநாள்தான் எங்கள் கரைக்கு வர முடிந்தது. எங்கள் தெருவில் வீடு என்று சொல்ல ஒன்றும் நிற்கவில்லை. அகதி முகாமாக்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் சிநேகிதியைக் கண்டேன். கால் முழுக்கக் கீறல். என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள், வகுப்பில் நிற்கிற மாதிரியே.

"கடல் வருகுதெண்டு கத்துறது கேட்டிச்சு டீச்சர். நாங்க ரெண்டு பேரும் வெளியில வந்தம். முழங்காலுக்குத்தான் தண்ணி. உனக்கு முட்டு, ஓடினா இழுக்கும், நீ இந்த மதிலுக்கு மேல ஏறி இரு, நான் வாவிக்கு ஓடி அப்பாட தோணியக் கொண்டு வாறன் எண்டு சொன்னன்."

"அவ என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லல்ல டீச்சர். ஓமெண்டு தலைய ஆட்டினாள்."

அவள் வாவிக்கு ஓடிப்போய்த் தகப்பனின் தோணியைப் பிடித்தபோது பின்னால் பெரிய அலை வந்தது. தோணி அவளையும் தகப்பனையும் காப்பாற்றியது. மதில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் என் மகளை எடுத்தார்கள்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், அவளுக்கு முட்டு இல்லை, நீ சுகமில்லாத பிள்ளையை விட்டுவிட்டு ஓடவில்லை என்று. சொன்னால், ஓடக்கூடிய பிள்ளையை இருத்திவிட்டு ஓடியதாக ஆகிவிடும். எது அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று யோசித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். பொய். எனக்குத்தான் பயம்.

சிநேகிதி அதற்குப் பிறகு ஓடவில்லை. நானும் கேட்கவில்லை. சண்டை திரும்பவும் தொடங்கிச் சில வருடம் நடந்து முடிந்தது. பிள்ளை ஓடுவதைக் கண்டு தாய் பயப்படாத காலம் அப்போதுதான் வந்தது. கடலுக்குத் தள்ளிக் கட்டிக் கொடுத்த வீட்டுத்திட்டத்தில் எங்கள் தெருச் சனத்துக்கு வீடு கிடைத்தது. அங்கே ஒரு பொது மண்டபமும் வெறும் வளவும் இருந்தன. முகாம் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகள் அந்த வளவில் குந்தியிருந்தார்கள், ஓடத் தெரியவில்லை. நான் வீடு வீடாகப் போய்ப் பின்னேரம் பிள்ளைகளை அனுப்பச் சொன்னேன். ஏசியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். சிநேகிதி அப்போது முன்பள்ளி ஆசிரியை. தன் வகுப்புச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

அவள் பிள்ளைகள் ஓடமாட்டார்கள். எல்லாரும் கைகோத்து, ஆகவும் மெல்ல நடக்கிற பிள்ளையின் வேகத்தில் நடப்பார்கள். ஒருநாள் நான் பொறுமை இழந்து, கையை விடச் சொல்லி விசில் ஊதினேன். பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஒரு சின்னவள் இருமினாள், சும்மா தூசிக்கு. சிநேகிதி பாய்ந்து போய் அவளைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும் நிற்கச் சொல்லிக் கத்தினாள்.

"முட்டு உள்ள பிள்ளைய விட்டுத்து ஓடக்கூடா டீச்சர்" என்றாள் என்னிடம். "எனக்குத் தெரியும்தானே."

பிள்ளைகளை அனுப்பிவிட்டு மண்டபப் படியில் அவளை உட்காரவைத்தேன். கடிதத்தைச் சொன்னேன். மூச்சு இழுக்கிற மாதிரி நடிக்கப் பழக்கியதைச் சொன்னேன். சத்தியத்தைச் சொன்னேன். நான் அழவில்லை, அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டிவரும். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப அண்டைக்கு அவளும் ஓடியிருந்தா..."

"ஓம் மனே."

"என்னோட சேந்து வாவிக்கு வந்திருப்பாளா டீச்சர்?"

நான் பொய் சொன்னது போதும்.

"உனக்கு முதல் தோணிக்கு ஓடியிருப்பாள்" என்றேன்.