கேஸில் முதல் பாடு எனக்கு

எனக்கு வயசு எழுபத்திரண்டு. பெத்து வளர்த்தது நாலு. நாலையும் ஆளாக்கினவ, இன்னிக்குக் காலையில ஒரு சிலிண்டரை ஒழுங்கா மாட்டத் தெரியாம வீடு பூரா நாறடிச்சேன். கதவைத் திறந்து வச்சிட்டு வெளியில வந்து நின்னா, அந்த நாத்தம் என்னை ஏரிச் சேத்துக்கே கூட்டிப் போயிடுச்சு.

பழவேற்காட்டு ஏரியில இடுப்பளவு தண்ணியில, ஓலையில முடைஞ்ச மீன் கூடை, அந்தப் பறியைப் பல்லால கவ்விக்கிட்டு, கையால இறால் தடவினவ நான். சேத்தை மிதிச்சா கொப்புளம் கொப்புளமா காத்து வரும். அழுகின முட்டை நாத்தம். வாயில பறி இருக்கறதால திட்டக்கூட முடியாது.

கையால ஏன் தடவணும்னு கேப்பீங்க. எங்க ஊர்ல வலை போட முறை உண்டு. அதைப் பாடுன்னு சொல்லுவோம். இன்னிக்கு இந்த வீட்டு ஆம்பளை, நாளைக்கு அந்த வீட்டு ஆம்பளை. என் வீட்டுக்காரர் போனதும் எங்க பாடு கொழுந்தன் கைக்குப் போச்சு. பொம்பளை பேர்ல பாடு கிடையாதாம்.

அப்போதான் பூமியில துளை போட்டு நிலக்கரி, கேஸ் தேடறவங்க வந்தாங்க. அவங்களுக்குச் சோறாக்கினது நான். ஏரிக்கடியில கேஸுன்னு காதுல விழுந்ததும் ஊர்க்கூட்டத்துல போய் நின்னேன்.

"மீன்லதான் தரல. கேஸுலயாவது என் பேர்ல ஒரு பாடு குடுங்க."

குழாயைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு ஒரு நாள்னு பிடிச்சுக்கலாம்னு எனக்கு நெனப்பு. மூடி உள்ள அண்டா ஒண்ணு கூடத் தேடி வச்சிருக்கேன்னு கூட்டத்துலயே சொல்லிட்டேன்.

ஊர்த் தலைவர், துளை போடறவங்கள்ல பெரிய சாரைக் கூப்பிட்டாரு. சாரு துளையிலேர்ந்து எடுத்த கறுப்பு மண்ணைக் காட்டினாரு. வேரும் எலை நாரும் அதுல அப்படியே இருந்தது.

"இது இன்னும் கரியாகலைம்மா. மேல மண்ணு ஏறிக்கிட்டே போகணும். பூமி தாழ்ந்து தாழ்ந்து இதை உள்ள இழுக்கணும். அழுந்தி, சூடேறி, அப்புறம்தான் கரி, கேஸ் எல்லாம்."

"சேத்துல வர்றது?"

"அது மேலாப்புல அழுகறது. அதை நம்பி ஒரு டீ போட முடியாது."

"சரி, அடியில உண்டாச்சுன்னா அங்கயே இருக்குமா?"

"மேல களிமண்ணு கெட்டியா மூடியிருந்தா இருக்கும். பூமி அசைஞ்சு வெடிப்பு விட்டா போயிடும்."

"எவ்ளோ நாளாவும்?"

"கோடி வருஷம்கூட ஆகலாம்."

கூட்டமே சிரிச்சுது. கொழுந்தன் கேட்டான், "இன்னா அண்ணி, அண்டாவை வெளக்கி வச்சிட்டியா?"

தலைவரும் சிரிச்சுக்கினே, "கேஸுல மொதப் பாடு உனக்குத்தாம்மா"ன்னாரு. வெத்தலை பாக்கு வச்சுச் சொன்னாத்தான் ஊர்ப் பேச்சு. நான் விடல. வாங்கி மடியில கட்டிக்கிட்டுதான் எழுந்தேன்.

முகத்துவாரம் அடைச்சு, ஊர் ஆம்பளைங்க வலை போட்ட எடமெல்லாம் இப்போ மண்ணேறிக் கெடக்கு. கொழுந்தன் மகன் அனுப்பம்பட்டுல ரயிலேறி வேலைக்குப் போறான். அந்தப் பாடும் இல்ல, அதுக்கு அடிச்சுக்கிட்ட கூட்டமும் இல்ல. இந்த ஊர்ல பாடு மிச்சம் இருக்கறது எனக்கு ஒருத்திக்குத்தான். அவங்க எடத்து மேல மண்ணு ஏற ஏற என்னோடது பழுத்துக்கிட்டு வருது.

கண்ணு, பாட்டி சொல்லச் சொல்ல எழுதினியே, இதை ஒரு தடவை சத்தமாப் படி. இங்க வேணாம், என் கொழுந்தன், அதான் உன் சின்னத் தாத்தா வீட்டுப் பக்கம் திரும்பி உக்காந்து படி.