மத்தியானத்தில் அடித்த பெரட்டு மணி

மலாயாவில் பெக்கோக்குக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் பால்வெட்டு நின்றது. இருபது குடும்பங்களும் புதர் அழித்து மரவள்ளி நட்டோம். விவசாயம் யாருக்கும் தெரியாது. ரப்பர் கன்று வைக்கிற மாதிரியே கயிறு கட்டி, நிரை பிடித்து, குச்சியை ஊன்றினோம். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். கிழங்குக்கு எதற்கு வரிசை? வரிசையில் இல்லாவிட்டால் எங்களுக்குக் கை ஓடாது, அவ்வளவுதான்.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டையும் விடவில்லை. விடிந்ததும் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டுத்தான் மரவள்ளிக் கொல்லைக்குப் போவோம். துரையும் இல்லை, சம்பளமும் இல்லை. கணக்கு எழுதும் கிராணி மட்டும் பேர் ஏட்டைப் பிரித்துக்கொண்டு நிற்பார். "கிழங்கு நம்ம பேரையா கேக்குது?" என்று என் வீட்டுக்காரர் தினமும் கேலி செய்வார்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆண்களைப் பிடித்துப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். லோரி சத்தம் கேட்டால் காட்டுக்குள் ஓடிவிடுவது என்று ஆண்கள் பேசி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் மணி அடித்தது. நானும் அவரும் கடைசி நிரையில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். பத்தடி தள்ளிக் காடு.

"இந்நேரத்துல எதுக்கு மணி? நான் வரல."

"எல்லாரும் போறாங்க பாருங்க. நீங்க மட்டும் நிக்கலன்னா நல்லாவா இருக்கும்? போய் நின்னுட்டு வந்துருங்க, நான் இந்த நிரைய முடிச்சுட்டு வர்றேன்."

சட்டையை உதறிக் கையில் கொடுத்ததும் நான்தான்.

லோரியைக் கீழே ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, ஜப்பான்காரர்கள் நடந்து வந்து மணியை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். லோரிச் சத்தத்துக்கு ஓடுவது என்றுதான் பேச்சு. மணிக்கு ஓட யாருக்கும் தோன்றவில்லை. கிராணி பேர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். ஆண்களை அப்படியே லோரிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். விஷயம் காதுக்கு வந்தபோது நான் அழவில்லை. மிச்சமிருந்த களையை எடுத்து முடித்தேன். கிழங்கு அவித்தேன். மனசு மரத்துப் போயிருந்தது. இப்போதும் அப்படித்தான்.

சண்டை முடிந்து துரை திரும்பினார். சயாமுக்குப் போனவர்களில் மூன்று பேர் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் வரவில்லை. முதல் நாள் பெரட்டில், புதுக் கிராணி பழைய ஏட்டைப் பார்த்து அவர் பேரைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார்.

"இல்ல" என்றேன்.

துரை திரும்பி வந்து அடித்த அந்த முதல் மணிக்கும் முதல் ஆளாக வந்து நின்றது நான்தான்.