காக்காவுக்குக் கொடுத்த இருபது தோட்டாக்கள்

காக்காவின் வலது தோளில் ஒப்பரேஷன் செய்த வருடம்தான் நான் தோட்டா அடைக்கக் கற்றுக்கொண்டேன்.

ஸ்காபரோவில் ஓர் இயந்திரப் பட்டறையில் அவரும் நானும் பல வருடங்களாக அருகருகே வேலை செய்கிறோம். அவர் முஸ்லிம் ஊரான ஏறாவூர், நான் பக்கத்துத் தமிழ் ஊரான வந்தாறுமூலை. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் மூத்தவரை அழைப்பதுபோல நானும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவேன். போர்க் காலத்தில் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் துவக்குகள் என்ன செய்தன என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. ஆனால் நவம்பர் வந்தால் லைசென்சும் ஒரேஞ்சு ஜக்கற்றுமாக இருவரும் சேர்ந்தே மான் வேட்டைக்குப் போனோம்.

எங்கள் இரண்டு துவக்குகளும் ஒரே மாதிரி. விசைக்குக் கீழே உள்ள வளையத்தைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். தோட்டாவின் முனையிலுள்ள சன்னம் என் சின்னவிரல் பருமன் இருக்கும். அதற்குத் தோட்டா தேடுவதுதான் பெரிய பாடு. சனிக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே கடை கடையாக ஏறி இறங்கினோம். பெரும்பாலும் தட்டு வெறுமையாகவே கிடக்கும். தப்பித் தவறி இருந்தாலும் கரடி சுடுகிறவர்களுக்கானதுதான் இருக்கும். அதன் உதையைக் காக்காவின் தோள் தாங்காது.

சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கோதுகளைக் கழுவி, தீப்பற்ற வைக்கும் புதுக் கேப் போட்டு, வெடிமருந்தைக் குறைத்து, ஈயச் சன்னம் வைத்து நாமே அடைக்கலாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அளவெடுத்துச் செய்கிற வேலை எனக்குப் பழக்கம்தானே. அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒரு மேசையைப் போட்டேன்.

மருந்து குறைத்த தோட்டாவில் ஓர் ஆபத்து உண்டு. மருந்து கோதின் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். ஒரே கோதுக்குள் தவறுதலாக இரண்டு தரம் போட்டாலும் வழியாது, சன்னம் வைத்து மூடிய பிறகு வெளியே தெரியவும் தெரியாது. சுட்டால் துவக்கு கையிலேயே வெடிக்கும். அதனால் மூடுவதற்கு முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் லைற் அடித்துப் பார்க்க வேண்டும். நான் எப்போதும் பார்ப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐம்பது கோதுகளை வரிசையாக நிறுத்திப் பாதிக்கு மேல் மருந்து போட்டிருந்தேன். மனைவி படியிறங்கி வந்தாள். அவள் அந்த அறைக்கு வருவதே இல்லை.

"இஞ்சருங்க, மேல வரைக்கும் மருந்து மணக்குது."

"இதுக்கு மணமில்ல."

"எனக்கு மணக்குது. இது வீடு. உத இஞ்ச வெச்சிருக்க ஏலா."

அவளுடைய அண்ணன் வெடிபட்டு இறந்தவர் என்று கல்யாணம் பேசும்போதே சொல்லியிருந்தார்கள். யார் சுட்டது என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை. அது தெரிந்திருந்தும், "உனக்கு எல்லாத்துக்கும் பயம். இது கனடா," என்று கத்தினேன். அவள் மேலே போய்விட்டாள். நான் மளமளவென்று மீதியை முடித்தேன். லைற் அடித்துப் பார்த்த ஞாபகம் இல்லை.

காக்காவுக்கு இருபது கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவர் தனியாக பரி சவுண்ட் பக்கம் போனார். எனக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை.

சனி காலை மேசையைத் துப்புரவாக்கும்போது மருந்துப் போத்தலைத் தராசில் வைத்தேன். இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்தது. கிட்டத்தட்ட ஒரு தோட்டாவுக்குப் போடுகிற அளவு. சிந்தியிருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சிந்தினால் மேசையில் தெரிந்திருக்கும்.

தோட்டாவை மாட்டித் தரையில் தட்டினால் சன்னத்தைக் கழற்றிவிடும் ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் என்னிடம் இருந்தது. என்னிடமிருந்த முப்பதையும் தட்டிக் கழற்றினேன். எல்லாம் சரியாக இருந்தன. அப்படியென்றால் பிழை காக்காவின் இருபதில்தான் இருக்க வேண்டும். போன் எடுத்தேன். சிக்னல் இல்லாத இடம். மணி அடிக்காமலே குரல்பதிவுக்குப் போனது. திரும்பத் திரும்ப எடுத்தேன். சத்தம் கேட்டு மனைவி வந்து படியில் நின்றாள். நடந்ததையும் காக்காவைத் தேடிப் போகப்போவதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஜக்கற்றைக் கொழுவிக்கொண்டு, "நானும் வாறன்," என்றாள். சுத்தியலையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினோம்.

பாதி வழி போயிருப்போம். அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"அண்ணன ஆரும் சுடல்ல."

"பின்ன?"

"நாட்டுத்துவக்கு. காட்டுப்பண்டி சுடப் போனவர். கையிலயே வெடிச்சிட்டு." யன்னல் கண்ணாடியைத் துடைத்தபடி, "அப்பாதான் மருந்து கெட்டிச்சுக் குடுத்தவர். கூடிப் போயிட்டு," என்றாள்.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல?"

"அப்பா உசிரோட இருக்கக்குள்ள எப்பிடிச் சொல்ற? அவர் போன மறுகா சொல்லிப் பழக்கமில்லாமப் போயிட்டு."

அவளுடைய அப்பாவை எனக்குத் தெரியும். வாசலில் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். வயது என்று நினைத்திருந்தேன்.

காக்கா வாடகைக்கு எடுக்கும் மரவீட்டின் முன்னால் அவருடைய ட்ரக் நின்றது. ஆளைக் காணவில்லை. ஹோர்னை அழுத்திப் பிடித்தேன். காட்டுக்குள்ளிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. மனைவி என் ஜக்கற்றைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவரைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தரம்.

மரங்களுக்கிடையே ஒரேஞ்சு நிறம் தெரிந்தது. நடந்துதான் வந்தார்.

"என்ன மனே, வீட்டில ஏதும் பிரச்சினையா? ஹோர்ன் சத்தத்துக்கு மான் ஓடிட்டு, வெச்ச வெடியும் படல்ல."

"காக்கா, துவக்க கீழ வைங்க. இனிச் சுடாதீங்க."

நேற்றும் இன்றுமாக நான்கு சுட்டிருந்தார். பெட்டியில் பன்னிரண்டு, துவக்குக்குள் நான்கு. உள்ளே போய் மேசையில் பேப்பரை விரித்து, ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினேன். பெட்டியில் இருந்த பன்னிரண்டும் சரி. துவக்கிலிருந்து இறக்கியவற்றில் முதல் இரண்டும் சரி. மூன்றாவதைத் தட்டியபோது மருந்து கொட்டிக்கொண்டே இருந்தது.

காக்கா அந்தக் குவியலை விரலால் தொட்டுப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு, "இத எப்ப அடைச்சீங்க?"

"ஞாயிறு. வீட்டில சண்டை. உள்ளுக்குப் பாக்காம மூடிட்டன்."

"என்னாலதான் காக்கா," என்றாள் மனைவி.

"இல்ல. கை என்ர கை."

அவர் தேத்தண்ணி போட்டு முதலில் அவளுக்குக் கொடுத்தார். "வந்து சொன்னீங்கதானே மனே, அது போதும்," என்றார். அவருக்கு ஏதாவது நடந்திருந்தால் ஏறாவூரில் அதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குள் ஓடியது. ஒரு தமிழன் அடைத்துக் கொடுத்த தோட்டா என்று சொல்லியிருப்பார்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யாக இருந்திருக்காது. அவருக்கும் அது ஓடியிருக்குமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேசையைக் கழற்றினேன். மீதி மருந்தைப் பின்வளவில் மெல்லிதாகத் தூவினேன். மனைவி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வருடம் காக்கா உதை குறைந்த வேறொரு துவக்கு வாங்கினார். அதற்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். பட்டறையில் எல்லாம் முன்போலத்தான். சாப்பாட்டு நேரத்தில் என் பெட்டியிலிருந்து கருவாட்டுப் பொரியல் எடுப்பார். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. மச்சானோடு வேட்டைக்குப் போயிருப்பதாக மேற்பார்வையாளர்தான் சொன்னார்.

அந்த வார இறுதியில் கதவு மணி அடித்தது. காக்கா ஒரு பொதியை நீட்டினார். மான் இறைச்சி, குளிர்ந்து கல்லாக இருந்தது.

"உள்ள வாங்க காக்கா," என்று மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"சப்பாத்தெல்லாம் சேறு புள்ள. இன்னொரு நாளைக்கு வாறன்."

அவருடைய ட்ரக் தெருமுனையில் திரும்பும்வரை பொதியை ஏந்தியபடி வாசலில் நின்றேன். கை விறைத்துவிட்டது.