வைக்கோல் தம்பதிக்கு முன்னால் கற்பூரம்

இன்று வயல்களுக்கு நடுவே, ஹம்பேர்க்கிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு ரயிலேறிப் போய், பாவித்த கார் ஒன்று வாங்கினோம்.

ஊர் எல்லையில், அறுவடை முடிந்ததற்கு அடையாளமாக, வீட்டு உயரத்துக்கு வைக்கோலால் செய்த மாப்பிள்ளையும் பொம்பிளையும் நின்றார்கள். என் கணவருக்கு அது கோயில் வாசல்போலத் தெரிந்திருக்க வேண்டும். காரை நிறுத்தி, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரத்தையும் கொளுத்திவிட்டார்.

"இஞ்சையப்பா, காத்தடிக்குது. வைக்கல் பத்தினா என்ன செய்யிறது?"

"ஒண்டும் நடக்காது. நீர் சும்மா பயப்படாதையும்."

சொல்லி வாய் மூடவில்லை, ஊர் முழுக்கத் தீயணைப்புச் சங்கு அலறத் தொடங்கியது.

நான் தண்ணீர்ப் போத்தலைக் கற்பூரத்தின் மேல் கவிழ்த்தேன். பாதித் தண்ணீர் என் காலில்தான் கொட்டியது. அவர் பாய்ந்தேறிக் காரைக் கிளப்பினார். நாளைய பேப்பரில் எங்கள் இருவரின் படமும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நாயோடு வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தார். சங்கு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சனிக்கிழமை மத்தியானங்களில் ஊதிப் பார்ப்பார்களாம்.

தேசிக்காய் நாலும் நசிந்துவிட்டன. ஆனால் பதற்றத்தில் அவர் றிவேர்ஸ் போட்டுவிட்டார்.

விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ: பின்பக்கமாக நசித்தது கணக்கில் வருமா, இல்லை அந்த ஊருக்கு இன்னொருமுறை போக வேண்டுமா?