மிஸ்ஸின் வண்டி நின்றுபோன காலம்

என் உள்ளங்கையில் கிடந்த அந்தச் சென்சர் கட்டைவிரலளவுதான் இருக்கும். நுனி முழுக்கக் கரி. மாங்குளத்தில் என் கராஜ் வாசலில், மிஸ்ஸின் மோட்டார் சைக்கிளிலிருந்து அதை மூன்றாவது தடவையாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பப் பூட்டவும் அலுப்பாக இருந்தது.

மிஸ் எங்கள் பகுதியின் மருத்துவமாது. கர்ப்பிணித் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. பக்கத்துப் பிரிவில் இருந்தவர் வெளிநாடு போனபின் அந்த ஊர்களும் அவர் தலையில் விழுந்தன. ஐம்பதைத் தாண்டிய உடம்போடு, காட்டோரக் கிறவல் பாதைகளில் நாள் முழுக்க ஓடித் திரிந்தார்.

அவருடைய வண்டி காபரேட்டர் இல்லாத புது வகை. எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் என்பதை அதில் ஒரு சின்னக் கம்பியூட்டர்தான் தீர்மானிக்கும். புகை வெளியேறும் குழாயில் இருக்கும் சென்சர், எரிந்தது போக மிச்சமிருக்கும் ஒட்சிசனைப் பார்த்து அதற்குச் சொல்லும். ஒட்சிசன் கூடினால் பெற்றோல் காணாது என்று அர்த்தம். கம்பியூட்டர் கூட்டிக் கொடுக்கும். ஒட்சிசன் குறைந்தால் பெற்றோலையும் குறைக்கும். ஓடும் நேரமெல்லாம் இந்தக் கூட்டலும் குறைத்தலும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மிஸ்ஸின் வண்டியில் கூட்டல் மட்டும்தான் நடந்தது. கறுப்புப் புகை கக்கியது, பிளக்கில் கரி அப்பியது, சந்தியில் வேகத்தைக் குறைத்தால் நின்றுபோனது. அதுவும் தட்டுப்பாட்டால் வாரத்துக்கு இவ்வளவென்று பெற்றோலை அளந்து கொடுத்த காலம். வவுனியாவில் தேடி எடுத்துப் புதுச் சென்சர் போட்டும் அதே கதைதான்.

"தம்பி, எனக்கு விளக்கம் வேண்டாம். நடுக்காட்டில நிண்டுபோகாமல் ஓடினால் காணும்," என்றார் மிஸ் அன்று காலை. குரலில் கோபமில்லை, கோபப்படவும் தெம்பில்லாத குரல். ஒட்டுசுட்டான் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு குடியிருப்பில், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கிளினிக்குக்கு வரவில்லை. போன தடவையே அவளுக்கு பிறஷர் கூட. ஃபோன் எடுத்தாலும் லைன் கிடைக்கவில்லை.

என் வண்டியில் கொண்டுபோய் விடலாமென்றால் அதில் சொட்டுப் பெற்றோல் இல்லை. அந்தக் கிழமைப் பங்கு முடிந்திருந்தது. மிஸ்ஸின் வண்டிக்கு பிளக்கை மாற்றினேன். சென்சரைத் திரும்பப் பூட்டி, அதன் வயரை மட்டும் கழற்றிவிட்டேன். சென்சரிடமிருந்து தகவல் வராவிட்டால் கம்பியூட்டர் தன்னிடமுள்ள பொதுக் கணக்கின்படி பெற்றோல் கொடுக்கும். சிக்கனம் இராது, எச்சரிக்கை விளக்கு எரியும், ஆனால் ஓடும். அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையும் போதாமல் நானே ஓட்டினேன். மிஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தார்.

வழியில் எங்கும் வண்டி நின்றுபோகவில்லை. போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் முகம் வீங்கிப் பாயில் படுத்திருந்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். "தலை வெடிக்கிற மாதிரி இருக்கு மிஸ், கண்ணும் மங்குது," என்றாள். பிறஷரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிய மிஸ்ஸின் முகம் வெளுத்திருந்தது.

"குளக்கட்டில ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கோ தம்பி. கெதியா."

குளக்கட்டுக்கு ஓடிச் சொல்லி, பிரதான வீதிக்குப் போய்க் காத்து நின்று, அம்புலன்ஸுக்கு வழிகாட்டித் திரும்பும்வரை நான் எஞ்சினை அணைக்கவே இல்லை. திரும்பக் கிளம்புமோ என்ற பயம். அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மிஸ்ஸும் கூடவே ஏறிப் போனார். தாயும் பிள்ளையும் தப்பிவிட்ட சேதி மறுநாள் வந்தது.

வண்டி என்னிடமே இருந்தது. ஆறிக் கிடந்த எஞ்சினைக் கிளப்பி, புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்துப் பார்த்தேன். சென்சருக்கு முன்னால், குழாயின் மூட்டில் மெல்லிய சீறல் கேட்டது. மயிரிழை வெடிப்பு. அதனூடாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டிருக்கிறது. சென்சர் அந்த ஒட்சிசனையும் சேர்த்துச் சொல்ல, கம்பியூட்டர் பெற்றோல் காணாதென்று ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

மிஸ் இப்போது ஓய்வுபெற்றுச் செட்டிகுளத்தில் மகளோடு இருக்கிறார். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. வயிற்றைத் தாங்கியபடி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைக் கராஜுக்குள் இருந்தே பார்க்கிறேன். எனக்கும் முதுகு நோகத் தொடங்கிவிட்டது. பின்னேரமானால் எந்த வண்டியையும் தொட மனம் வருவதில்லை. அப்படியான நேரங்களில், மிஸ் தன் வண்டியை எடுக்க வந்த மத்தியானம் நினைவுக்கு வரும்.

வெடிப்பைப் பற்றவைத்து ஒட்டி முடிக்கும்வரை இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினேன். ஒட்டி, வயரைப் பூட்டி, எஞ்சினைக் கிளப்பினேன். புகையில்லை, சத்தம் சீராக இருந்தது. காட்டலாமென்று திரும்பினால், மிஸ் சுவரில் தலை சாய்த்து நித்திரையாகியிருந்தார். வாய் சற்றே திறந்திருந்தது. எஞ்சினை நிறுத்தினேன். பிறகு கராஜுக்கு வந்தவர்களையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் மடியில் ஃபோன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே எடுத்துக் காதில் வைத்தார். மறுபக்கத்தில் ஒரு பெண் அழுவது எனக்கும் கேட்டது.

"ஓம் பிள்ளை, பயப்பிடாதேங்கோ," என்றார் மிஸ், கண்கள் இன்னும் மூடியபடி. "நான் வெளிக்கிட்டிட்டன், வந்துகொண்டிருக்கிறன்."