பன்னிரண்டு மணி ஜெபம்

முடிச்சூரில் கட்டட வேலை செய்தபோது எனக்கு வாய்த்த கொத்தனார் ஒல்லியானவர். முட்டி இரண்டும் காய்த்துப்போயிருக்கும். மணி பன்னிரண்டானால் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, காலி சிமெண்ட் சாக்கில் முழங்கால் போட்டு ஜெபிப்பார். நான் போட்ட கலவை வெயிலில் இறுகும். இன்னொரு முறை வீணானால் என்னை நிறுத்திவிடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

"அண்ணா, சாயங்காலம் ஜெபம் பண்ணா ஆவாதா? அதுக்குள்ள கர்த்தர் எங்கனா ஓடிப் பூடுவாரா?" என்று கத்தினேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அவரு எங்கயும் போவ மாட்டாருடா. நான்தான் பூடுவேன்."

அன்றும் கலவை இறுகியது. என்னை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. எதிலும் நான் தங்கவில்லை. சர்ச் வாசலை மிதித்ததும் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கை தானாகக் கலவைச் சட்டியை இறக்கிவிடுகிறது. யாரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறேன். அந்த ஆள்மேல் எரிச்சல் எரிச்சலாக வருகிறது.